அப்பாவின் ஈக்வலைசர்

ஃப்ரெடரிக்ஸ்ஹாவ்ன்
16 ஏப்ரல் 2009

டோர்பென்,

நான்தான், உன் அக்கா விபேகே. அழுவதற்காக எழுதவில்லை, பயப்படாதே. திட்டுவதற்காகவும் இல்லை. திட்ட ஆரம்பித்தால் ஒரு கடிதம் போதாது, அதற்கென்று தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். எனக்கு இப்போது வேண்டியது கம்ப்யூட்டர் தெரிந்த ஆள். எனக்குத் தெரிந்தவர்களில் நாளெல்லாம் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் நீ ஒருவன்தான், என்ன செய்வது.

அப்பாவின் சாம்பல் கலசத்தை மே ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, அம்மாவின் பக்கத்தில் வைக்கப் போகிறோம். மார்ச்சில் தகனத்துக்குக் கொண்டுபோக, தேவாலயத்திலிருந்து சவப்பெட்டியை வெளியே எடுத்தபோது தலைமாட்டில் மகன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கடைசியில் எதிர்வீட்டு ப்ரெபென் வந்து பிடித்தார். அந்த வயதில், அந்த இடுப்போடு. நான் ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

கலசம் வைத்த பிறகு வீட்டில் எல்லோருக்கும் காபி. வெண்ணெய் ரொட்டி, க்ரீம் கேக் எல்லாம் சொல்லியாகிவிட்டது. பேச்சு குறையும் நேரத்தில் மெதுவாகப் பாட்டு ஏதாவது ஓடினால் நன்றாக இருக்கும், அதுவும் அப்பா கேட்ட பாட்டாகவே இருக்கட்டும் என்று அவர் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்தப் பாட்டு மென்பொருள் உனக்குத் தெரியுமே, மஞ்சள் நிறத்தில் சின்ன ஜன்னல் வருமே, அது. எதைப் போட்டாலும் கரகரவென்கிறது. மெல்லிய சத்தமெல்லாம் கீச்சென்று காதைக் கிழிக்கிறது. ஆர்மோனியம் வாசிக்கிறார்களா, தகரத்தை அறுக்கிறார்களா என்றே தெரியவில்லை. வால்யூமைக் குறைத்தால் கரகரப்பும் சேர்ந்து சின்னதாகிறது, அவ்வளவுதான். மனிதர் இதையா இத்தனை வருஷம் உட்கார்ந்து கேட்டார்?

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. முடி வெட்டுகிறவளுக்குப் புரியும்படி எழுது.

அப்புறம் ஒன்று. ஒன்பதாம் தேதி வா. கெஞ்சவில்லை, கேட்கிறேன். மண் மூடிய பிறகு வந்தால் வந்ததாகவே ஆகாது.

விபேகே


பெர்கன்
18 ஏப்ரல்

விபேகேவுக்கு,

கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டபடி எல்லாப் பொத்தானையும் அழுத்தாதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஹெட்போனில் கேள். ஹெட்போனில் சுத்தமாகக் கேட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு. அதிலும் கரகரத்தால், கடையில் வாங்கிய ஒரு சிடியை அதே மென்பொருளில் போட்டுப் பார். அதுவும் கரகரத்தால் ஃபைல்கள் மேல் தப்பில்லை. பிறகு கம்ப்யூட்டரின் ஒலி அமைப்புக்குள் போ. பெரிய மண்டபம், குகை, குளியலறை என்று விளையாட்டுப் பெயர்களில் சில கட்டங்கள் இருக்கும். எதிலாவது டிக் இருந்தால் எடுத்துவிடு. வயதானவர்கள் தெரியாமல் தட்டிவிடுவார்கள்.

ஒன்பதாம் தேதி நான் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். பதினோரு வருஷத்துக்கு முன் ஆல்போர்கில் என் முதல் தனிக் கச்சேரி. ஊர்ப் பக்கம் நான் வாசிக்கிற முதல் தடவை. இரண்டாம் பகுதி நடுவில் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து, எல்லோருடைய முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே போனார். மேடையிலிருந்து அவர் முதுகைப் பார்த்தேன். வாயில் குழல் இருந்தது, நிறுத்த முடியாது. அப்புறம் ஒரு வார்த்தை இல்லை, போன் இல்லை. பாதிக் கச்சேரிக்கு மேல் எனக்காக உட்கார முடியாத மனிதருக்காக நான் கடல் தாண்டி வர வேண்டுமா?

கம்ப்யூட்டர் விஷயம் எதுவானாலும் எழுது.

டோர்பென்


ஃப்ரெடரிக்ஸ்ஹாவ்ன்
20 ஏப்ரல்

டோர்பென்,

ஐயா சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். ஹெட்போனில் இன்னும் மோசம், மண்டைக்குள்ளேயே தகரம் அறுக்கிறார்கள். என் கடையில் ஓடுகிற சிடியைக் கொண்டு வந்து போட்டேன், அதுவும் கரகர. கடையில் தேன் மாதிரி ஓடுகிற சிடி அது. குகை, குளியலறை எதிலும் டிக் இல்லை. அப்பா ஒன்றும் தெரியாமல் தட்டிவிடுகிற ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரே புத்தகம் வாங்கிப் படித்துக் கற்றுக்கொண்டார். என் கடைக் கம்ப்யூட்டர் படுத்தால் அவர்தான் வந்து சரி செய்வார்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்க்க ப்ரெபெனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அதே கரகரப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "எங்கம்மா கோளாறு? நல்லா தெளிவாத்தானே இருக்கு! இவ்ளோ நல்ல மிஷினை வித்துக் கித்துத் தொலைக்காத" என்றார். கிழவரோடு மல்லுக்கட்ட முடியாது, காபி கொடுத்து அனுப்பினேன்.

இப்போது நீ உட்கார்ந்துகொள். அந்த மென்பொருளில் அதிகம் கேட்டவை என்று ஒரு பட்டியல் தானாகவே வருகிறது. முதலில் நிற்பது உன் ஆல்போர்க் கச்சேரி. ரேடியோவில் ஒலிபரப்பினார்களே, அது. ரேடியோக்காரர்களிடம் கேட்டு வாங்கிய சிடி அலமாரியில் உறையோடு இருக்கிறது. அதற்குக் கீழேயும் நீதான். அதற்கும் கீழே நீதான். எங்கோ கடைசியில் ஒரு டான்ஸ் பாட்டு, அம்மாவுக்குப் பிடித்தது.

எனக்கு உன் மேலும் கோபம், அவர் மேலும் கோபம். இருவரும் ஒரே அச்சு. அவர் மட்டும் என்ன, மாதா மாதம் என் நாற்காலியில் வந்து உட்காருவார். தலை நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்கும்போது நல்லபடியாகப் பேசுவார், கிண்டல்கூட செய்வார். பிடரி வெட்டத் தலையைக் குனிய வைத்துவிட்டு, "டோர்பெனுக்கு ஒரு போன் பண்ணுங்கப்பா" என்பேன். வாயே திறக்க மாட்டார், கல்லு. உன் பேச்சை எடுத்தால் செவிடன் மாதிரி இருக்கிற ஆள், வீட்டில் உன்னையே போட்டுக் கேட்டிருக்கிறார்! இது என்ன வீம்பு, எனக்குப் புரியவில்லை. அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு உன் பாட்டில் உட்கார்ந்துவிடுவார் போல. தண்ணீர் வற்றிக் கெட்டில் கருகிப்போய் நான் எத்தனை கெட்டில் வாங்கிக் கொடுத்தேன் தெரியுமா?

அடுத்து என்ன செய்ய?

விபேகே


பெர்கன்
21 ஏப்ரல்

விபேகே,

நீ சொல்வதை நம்ப முடியவில்லை. பட்டியல் தப்பாக இருக்கலாம். கம்ப்யூட்டரை ஓடவிட்டு அவர் தோட்டத்துக்குப் போயிருக்கலாம். ஒரே ஃபைல் திரும்பத் திரும்ப ஓடியிருக்கும்.

ஸ்பீக்கரும் இல்லை, ஃபைலும் இல்லை, கம்ப்யூட்டரின் ஒலி அமைப்பும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது அந்த மென்பொருள்தான். அதில் ஈக்வலைசர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் செங்குத்தாகப் பத்துக் கட்டைகள் வரும். இடது ஓரம் தடித்த ஒலி, டிரம், கான்ட்ராபாஸ். வலது ஓரம் மெல்லிய ஒலி, விசில், குருவி, என் பிக்கோலோ என்கிற சின்னக் குழல். கட்டையை மேலே தள்ளினால் அந்த ஒலி பெரிதாகும். அளவுக்கு மேல் தள்ளினால் ஒலிக்கு இடம் போதாமல் கூரையில் முட்டி உடையும். அந்த உடைசல்தான் கரகரப்பு. புதிதாக இந்த மென்பொருளைப் பிடிக்கிற எல்லோரும் செய்கிற தப்பு இது. பிடித்ததையெல்லாம் ஏற்றிவிடுவார்கள், மொத்த அளவைக் குறைக்க மறந்துவிடுவார்கள்.

தொடுவதற்கு முன் திரையைப் படம் எடுத்துக்கொள். எங்கள் ஒலிப்பதிவுக்காரர்கள் யாரும் படம் எடுக்காமல் ஒரு கட்டையை நகர்த்த மாட்டார்கள். பிறகு பூஜ்யம் என்ற பொத்தானை அழுத்திச் சேமித்துவிடு. சரியாகிவிடும்.

வீம்பு பற்றி எழுதியிருந்தாய். என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவே பலகைச் சுவர்தான், ஞாபகம் இருக்கிறதா? நான் பிக்கோலோவை எடுத்தால் ஐந்து நிமிஷத்தில் பூட்ஸால் சுவரைத் தட்டுவார். "டேய், போதும்டா! காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு!" தினமும் தட்டு. எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஒரு குளிர்காலத்தில் தட்டுவது குறைந்தது. பிறகு நின்றே போனது. அந்த நாட்களில் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நான் நன்றாக வாசிக்க ஆரம்பித்துவிட்டேன், அப்பாவுக்கே பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அந்த நம்பிக்கையில்தான். அதனால்தான் ஆல்போர்கில் அந்த முதுகை என்னால் மன்னிக்க முடியவில்லை. உனக்கு இது புரிந்தால் சரி, புரியாவிட்டாலும் சரி.

டோர்பென்


ஃப்ரெடரிக்ஸ்ஹாவ்ன்
23 ஏப்ரல்

டோர்பென்,

சரியாகிவிட்டது! ஒரே ஒரு பொத்தான். அழுத்தினேன், தகரக்காரன் ஓடியே போய்விட்டான். நீ பெரிய ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

படமும் எடுத்தேன், இணைத்திருக்கிறேன். ஃப்ளாஷ் விழுந்து நடுவில் வெள்ளையாக இருக்கிறது, பொறுத்துக்கொள். நீ சொன்னதேதான். இடது பக்கக் கட்டைகள் தரையில் கிடந்தன, நடுவிலிருந்து படிப்படியாக ஏறி வலது பக்கம் நான்கும் கூரையில் ஒட்டிக்கொண்டு நின்றன. மொத்த வால்யூமும் உச்சியில் இருந்தது. மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டிருக்கிறார்.

வேடிக்கை கேள். அந்த அமைப்பை ஒரு பெயர் வைத்துச் சேமித்திருக்கிறார். "டோர்பென்" என்று. உன் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் குடும்பத்தில் காதைக் கிழிக்கிற சத்தத்துக்கு உன் பெயரைத்தானே வைக்க முடியும்!

அப்புறம் உன் ஆல்போர்க் கச்சேரியைச் சுத்தமாகக் கேட்டேன். கையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். அந்த இரண்டாம் பகுதியில் வயலின்கள் எல்லாம் நின்ற பிறகு நீ மட்டும் தனியாக வருகிறாயே, அந்த இடம். அழுதுவிட்டேன். கச்சேரி அன்று அப்பாவைச் சமாளிக்கிற அவசரத்தில் நான் சரியாகவே கேட்கவில்லை போலிருக்கிறது. இவ்வளவு அழகாகவாடா வாசித்தாய்?

மெஷின் சரியாகிவிட்டது. இனி நீ எனக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. ஒன்பதாம் தேதி வாடா. அவருக்காக வேண்டாம். குழிக்குப் பக்கத்தில் நான் தனியாக நிற்க முடியாது.

விபேகே


பெர்கன்
24 ஏப்ரல்

அக்கா,

உன் படத்தைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒத்திகைக்குப் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

யாரும் பாட்டை ரசிப்பதற்கு இப்படிக் கட்டைகளை வைக்க மாட்டார்கள். சின்னப் பையன்கள் டிரம் அதிர வேண்டும் என்று இடது பக்கத்தை ஏற்றுவார்கள். அப்பா இடது பக்கத்தைத் தரையில் அழுத்திவிட்டு வலது பக்கத்தை மட்டும் கூரைவரை கொண்டுபோயிருக்கிறார். மற்றதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு எதையோ தேடியிருக்கிறார்.

இந்த வடிவத்தை நான் பார்த்திருக்கிறேன், தலைகீழாக. எங்கள் இசைக்குழுவில் வருஷா வருஷம் காது பரிசோதனை உண்டு. பிக்கோலோக்காரர்களுக்கு வலது காது சீக்கிரம் போகும், அதனால் எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று டாக்டர் ஒரு படம் போட்டுக் கொடுப்பார். இரைச்சலில் காது போனவர்களின் படம் இடது பக்கம் மேலே இருந்து வலது பக்கம் சரிந்து விழும். அப்பாவின் கட்டைகளைக் கவிழ்த்துப் பார், அதே சரிவுதான்.

ப்ரெபெனுக்கு அந்தக் கரகரப்பு எப்படித் தெரியவில்லை? அவர் பட்டறையில் அப்பாவோடுதானே இருந்தார், ஒரே இடத்தில்தானே? அவரைக் கேள். தயவுசெய்து நேரில் போய், முகத்துக்கு நேராக நின்று கேள்.

ஆல்போர்கில் அப்பா எழுந்து போவதற்கு முன் ஏதாவது சொன்னாரா? நீ என்னிடம் மறைத்தது எதுவானாலும் இப்போது சொல்லிவிடு.

டோர்பென்


ஃப்ரெடரிக்ஸ்ஹாவ்ன்
26 ஏப்ரல்

தம்பி,

ப்ரெபென் வீட்டுக்குப் போனேன். ஹெர்ரிங் மீனும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்டேன், "அப்பாவுக்குக் காது கேக்காதா?"

"அட, உனக்கு இத்தனை நாளா தெரியாதா!" என்றார். "கப்பல் வயித்துக்குள்ள உக்காந்து இரும்புத் தகட்டை அடிச்சவங்கம்மா நாங்க. வெளியில ஊருக்கே கேக்குற அடி. உள்ள உக்காந்திருக்கறவன் காது என்னத்துக்கு ஆகும்? பஞ்சு வச்சுக்கோன்னு சொல்லத்தான் சொன்னாங்க. வச்சவனையெல்லாம் நாங்களே பச்சப்புள்ளன்னு கேலி பண்ணி ஓட்டினோம். அந்தக் கேலிக்குப் பயந்துக்கிட்டே உங்கப்பன் வைக்கல. நானுந்தான் வைக்கல."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். "மொதல்ல குருவி போச்சு. அப்புறம் கெட்டில் விசில். அப்புறம் பையனோட குழல்" என்றார். "ஒரு நா வேலைக்கு வந்து என்கிட்ட சொன்னான், 'பய இப்பல்லாம் வாசிக்கறதையே விட்டுட்டான் போல, வீடு அமைதியா இருக்கு'ன்னு. அன்னிக்கு வீட்டுக்குப் போயி கதவைத் தெறந்து பாத்திருக்கான். உன் தம்பி வாயில குழலை வச்சுக்கிட்டு ஊதிக்கிட்டு நிக்கிறான். கதவை மெல்ல சாத்திட்டு வந்துட்டானாம்."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன், டோர்பென். சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பதினோரு வருஷம் இப்படிப் போயிருக்காதே என்று அவரிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

"நானும் சொல்லிப் பாத்தேம்மா" என்றார். "காதுல மிஷின் வச்சுக்கடான்னேன், மாட்டேன்னுட்டான். பையன்கிட்டயாவது சொல்லுடான்னேன். 'எனக்குக் கேக்கலன்னு தெரிஞ்சா பய ஊதறதையே விட்டுடுவான், அவன் மனசு எனக்குத் தெரியும். நீ வாயைத் தெறந்த, அப்புறம் உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்'னு மெரட்டினான். மெரட்டினவனே இப்ப இல்ல, இனிமே யாருக்குப் பயப்படணும்."

ஆல்போர்கில் நடந்ததைக் கேட்டாய். சொல்கிறேன். உனக்குச் சொன்னால் நீங்கள் இருவரும் ஜென்மத்துக்கும் பேச மாட்டீர்கள் என்றுதான் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டு இருந்தேன். வயலின்கள் நின்ற பிறகு, நீ தனியாக வாசித்துக்கொண்டிருந்தபோது, அப்பா என் பக்கம் சாய்ந்து, "என்னடி, இன்னும் அவன் ஆரம்பிக்கலையா?" என்றார். ரகசியம் என்று நினைத்துச் சொன்னார், ஆனால் மூன்று வரிசைக்குக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகனை மண்டபத்தில் வைத்துக் குத்திக்காட்டுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "வாயை மூடுங்கப்பா" என்று சீறினேன். என் வாயசைவு அவருக்குப் புரிந்திருக்கும். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு முன்னால் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் எழுந்து போய்விட்டார். பிறகு போய்ப் பார்த்தால் காரில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

குனிந்த தலையிடம் நான் பேசியதெல்லாம் எங்கே போயிற்று? கண்ணாடியில் என் வாயைப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் பதில் சொல்லியிருக்கிறார். அவர் காதைச் சுற்றி எத்தனை தடவை வெட்டியிருப்பேன்! காதை மடக்கிப் பிடித்து, ஓரத்து முடியைக்கூட எடுத்துவிட்டிருக்கிறேன். அந்தக் காதுக்குள் ஒன்றும் போகவில்லை என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

நீ எடுக்கச் சொன்ன படத்தைப் பார்த்துக் கட்டைகளைப் பழையபடியே வைத்துவிட்டேன். "டோர்பென்" என்று அதே பெயரில் திரும்பவும் சேமித்துவிட்டேன். அந்தப் பெயர் அங்கே இல்லாமல் எனக்கு என்னவோ போல இருந்தது.

விபேகே


பெர்கன்
30 ஏப்ரல்

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் ஒரு காரியம் செய்தேன். செய்திருக்கக் கூடாதோ என்னவோ.

உன் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கம்ப்யூட்டரில் அதே பத்துக் கட்டைகளையும் தலைகீழாக வைத்தேன். அப்பா ஏற்றியதை இறக்கினேன், அவர் இறக்கியதை ஏற்றினேன். ஒரு தடவை செய்தது போதவில்லை. அவருடைய வலது கட்டைகள் கூரையில் முட்டி நின்றன அல்லவா, இடம் இருந்திருந்தால் அவர் இன்னும் மேலே போயிருப்பார். அதனால் வந்த ஒலியை எடுத்து மறுபடியும் அதே மாதிரி இறக்கினேன், மறுபடியும் இறக்கினேன். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆல்போர்க் கச்சேரியைப் போட்டேன்.

கான்ட்ராபாஸ் வந்தது, செல்லோ வந்தது. கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருந்தாலும் வந்தது. இரண்டாம் பகுதி தொடங்கியது. நீ அழுதாயே, அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். அந்த நுழைவு எனக்குத் தூக்கத்திலும் தெரியும். வயலின்கள் நின்றன. அடுத்த மூச்சில் நான் வர வேண்டும்.

நான் வரவில்லை, அக்கா.

மேடைப் பலகையில் நான் காலை மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. மண்டபத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வேறொன்றும் இல்லை. பிறகு உன் பக்கமிருந்து ஏதோ ஒரு கனத்த குரல். வார்த்தை புரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அது அப்பாவாக இருக்கலாம், யாரோ இருமியதாகவும் இருக்கலாம். அப்பா என்றே வைத்துக்கொண்டேன்.

இதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். மகனுடைய விரல்கள் ஆடுகின்றன, கன்னம் உப்புகிறது, ஊரே அழுகிறது, அவருக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. காரில் போய் உட்காராமல் வேறு என்ன செய்வார்? நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவரும் அழுதுதான் இருப்பார், விளக்குப் போடாமல்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வாங்கி, புத்தகம் படித்து, கட்டை கட்டையாகத் தள்ளி, அந்த ஒரு இடத்தில் என்னைத் தேடியிருக்கிறார். கடைசியில் கிடைத்தேனா? கொஞ்சமாவது கேட்டிருக்குமா? கரகரவென்று உடைந்துபோனதில் ஒரு கீற்றாவது அவருக்குள் போயிருக்குமா? பெயர் வைத்துச் சேமித்திருக்கிறார் என்றால் ஏதோ கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உறுதியாகத் தெரியாது. கேட்க ஆள் இல்லை.

அவர் சுவரைத் தட்டுவதை நிறுத்திய குளிர்காலத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அமைதியை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கை முழுக்க அந்தப் பாராட்டின் மேல் கட்டியது.

நான் வருகிறேன். பெர்கனிலிருந்து கப்பல், ஹிர்ட்ஸால்ஸ் துறைமுகத்தில் இறங்கி எட்டாம் தேதி சாயங்காலம் வீட்டில் இருப்பேன். பெட்டிக்குத்தான் தோள் கொடுக்கவில்லை. கலசத்தையாவது குழிவரை நான் கொண்டுபோகிறேன், அதை யாரிடமும் கொடுத்துவிடாதே. ப்ரெபெனை என் பக்கத்தில் நிற்கச் சொல்.

காபி நேரத்தில் எல்லோருக்கும் பூஜ்யத்தில் வைத்துப் பாட்டுப் போடு. ப்ரெபெனுக்கு மட்டும் ஹெட்போன் கொடுத்து "டோர்பென்" அமைப்பைப் போட்டுவிடு. மனிதர் சந்தோஷப்படுவார்.

ஒன்பதாம் தேதி காலையில், கல்லறைக்குக் கிளம்புவதற்கு முன், என் பழைய அறையில் கொஞ்சம் வாசித்துப் பார்ப்பேன். நீ அப்பாவின் அறையில் உட்கார்ந்துகொள். அவருடைய பூட்ஸ் இன்னும் கட்டிலுக்கடியில் இருந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொள். சகிக்க முடியாமல் இருந்தால் சுவரைத் தட்டு.

நன்றாக இருந்தாலும் தட்டு, அக்கா.

டோர்பென்